கப்பல் ஏறினால் சாதி போகுமா? கடல் கடக்கும் தடை பற்றி ஓர் எளிய விளக்கம்

"அந்தக் காலத்துல இந்துக்க கடல் தாண்டக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அப்புறம் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு எப்படிப் போனானாம்? எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை" என்று இன்னொருவர் மறிப்பார். கோயமுத்தூர் டீக்கடையானாலும் வாட்ஸப் குழுவானாலும் பேச்சு இந்த இரண்டு முனைக்கு நடுவிலேயே ஓடிக் களைத்துப் போகும். தடை என்று ஒன்று இருந்ததும் நிஜம், நம் ஆட்கள் கப்பல் ஏறியதும் நிஜம். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடிந்தது என்று புரிந்துவிட்டால் இந்தச் சண்டைக்கு வேலையே இல்லை.

இதற்கு சமஸ்கிருதத்தில் 'சமுத்திர யானம்' என்று பெயர். கடல் பயணம் என்பதற்கு மேல் அதில் பொருள் எதுவும் இல்லை. 'காலாபாணி' என்பது இந்திச் சொல், கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். 1858இல் அந்தமானில் கைதிகள் குடியேற்றம் வந்தபின் அந்தச் சொல் சிறைக்கும் ஒட்டிக்கொண்டது. நம் பக்கம் பெரியவர்கள் பேசியது இன்னும் நேரடியாக: "கப்பல் ஏறுனா சாதி போயிரும்."

கொங்கு நாட்டில் எந்த ஊர் மேட்டில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. கிழக்கே போனாலும் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினாலும் அடுத்தவர் சீமையைத் தாண்டித்தான் கரை. ஆனாலும் இந்தத் தடையைப் புரிந்துகொள்ளத் தேவையான உதாரணங்கள் எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கின்றன.

கம்பம் நட்ட ஊரிலிருந்து தொடங்குவோம்

மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டாகிவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்க மாட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகலாம், ஈரோட்டுச் சந்தைக்கு மஞ்சள் கொண்டுபோகலாம், பொழுது சாய்ந்தால் ஊருக்கு வந்துவிட வேண்டும். காப்புக் கட்டியவர்களுக்குக் கட்டு இன்னும் இறுக்கம்.

இதைப் பார்த்துவிட்டு வெளியாள் ஒருவர், "இந்த ஊர்க்காரர்கள் திருப்பூர் ரோட்டைத் தீட்டு என்று நினைக்கிறார்கள்" என்று எழுதினால் சிரிப்போம். ரோட்டில் எந்தக் குற்றமும் இல்லை. கட்டிக்கொண்ட காப்பு ஊரோடு ஆளைப் பிணைக்கிறது. அந்தப் பிணைப்புக்குரிய காரியங்களை வெளியூரில் இருந்துகொண்டு செய்ய முடியாது. கடல் தடையின் முதல் பாதி இவ்வளவுதான்.

இன்னும் ஓர் உதாரணம். கேத வீட்டுக்கு (சாவு வீட்டுக்கு) போய் வந்தால் வாசலிலேயே நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருகிறோம். அது தீட்டு, தண்ணீரோடு போய்விடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது உதாரணம் கொஞ்சம் கனமானது. ஊர்க்கூட்டம் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். அந்த வீட்டில் கல்யாணம். கல்யாணச் சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் வந்து சீர் செய்து வைக்க மாட்டார். மங்கல வாழ்த்துச் சொல்ல குடிமகன் (நாவிதர்) வர மாட்டார். ஒறம்பரை (உறவினர்) பந்தியில் உட்கார மாட்டார்கள். இனி அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் இல்லை. இந்த வீட்டுக்காரர் பவானி கூடுதுறையில் ஆயிரம் முழுக்குப் போட்டாலும் பந்தி நிறையாது. நிறைப்பது அவர் கையில் இல்லை, ஊர் கையில் இருக்கிறது.

இங்கே மூன்று தனித்தனிச் சங்கதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குளித்தால் போவது தீட்டு. நோன்பும் தானமும் செய்து தீர்ப்பது பாவம். அப்படித் தீர்க்கும் சடங்குக்குப் பெயர் பிராயச்சித்தம். மற்றவர்கள் மனம் வைத்தால் மட்டுமே தீர்வது விலக்கு. கடல் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

போதாயனரும் மாமன் மகளும்

வேதத்திலேயே தடை இருக்கிறது என்பது தவறு. ரிக் வேதத்தில் புஜ்யு என்பவன் நடுக்கடலில் தத்தளிக்கும்போது அசுவினி தேவர்கள் நூறு துடுப்புள்ள கப்பலில் ஏற்றிக் கரை சேர்க்கிறார்கள். கப்பல் ஏறியதற்காக அவனை அங்கே யாரும் கடிந்துகொள்ளவில்லை.

தடை வருவது தர்மசூத்திரங்களில். யார் எப்படி நடக்க வேண்டும் என்று சிறுசிறு வாக்கியங்களாகச் சொல்லும் பழைய விதிநூல்கள் இவை. அவற்றில் போதாயனருடையது 2,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. சாதியிலிருந்து விழச் செய்யும் குற்றங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார் போதாயனர். முதல் இடம் கடல் பயணத்துக்கு. பிராமணர் சொத்தைத் திருடுவது, நிலத்துக்குப் பொய்ச்சாட்சி சொல்வது எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. (நிலத்துக்குப் பொய்ச்சாட்சி இரண்டாயிரம் வருடமாகவே பெரிய குற்றம் என்பதை நம் ஊர் வரப்புத் தகராறுக்காரர்கள் கவனிக்கலாம்.)

பிராயச்சித்தமும் அவரே சொல்கிறார். நான்கு சாப்பாட்டு வேளைக்கு ஒருமுறை, அதாவது இரண்டு நாளுக்கு ஒரு வேளை, கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் குளிக்க வேண்டும். பகலெல்லாம் நின்றுகொண்டும் இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டும் கழிக்க வேண்டும். இப்படி 3 ஆண்டு. கடுமைதான், ஆனால் இதற்கு ஒரு முடிவு உண்டு. 3 ஆண்டு கழித்தால் குற்றம் தீர்ந்தது என்பது அவர் கணக்கு.

இதே நூலின் தொடக்கத்தில் நமக்கு நெருக்கமான ஓரிடம் வருகிறது. தெற்கத்தியார் பழக்கம் ஐந்து, வடக்கத்தியார் பழக்கம் ஐந்து என்று பிரிக்கிறார். தெற்கத்தியார் பட்டியலில் இருப்பவை: பூணூல் போடாதவரோடு சாப்பிடுவது, மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவது, பழையது சாப்பிடுவது, மாமன் மகளைக் கட்டுவது, அத்தை மகளைக் கட்டுவது. வடக்கத்தியார் பட்டியலில் கம்பளி விற்பது, மது குடிப்பது, குதிரை போல இரண்டு தாடையிலும் பல்லுள்ள விலங்குகளை வியாபாரம் செய்வது, ஆயுதத் தொழில், கடைசியாகக் கடல் பயணம்.

முறைப்பெண் உரிமைக்காகப் பஞ்சாயத்து வரை போன நம் சீமைக்காரர்களுக்கு இதை விட நல்ல விளக்கம் கிடைக்காது. மாமன் மகளைக் கட்டுவதும் கப்பல் ஏறுவதும் அவர் கணக்கில் ஒரே வகை: ஒரு சீமையில் செல்லும், அடுத்த சீமையில் செல்லாது. எந்தச் சீமையோ அந்தச் சீமை வழக்கே பிரமாணம் என்ற கருத்தைச் சொல்கிறார்; கௌதமர் அதை ஒப்பவில்லை என்பதையும் சேர்த்தே பதிகிறார். ஆக, தொடக்கத்திலேயே இது தகராறுக்கு உட்பட்ட விதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடல் வழியாக வரும் சரக்குக்கு அரசன் நூற்றுக்குப் பத்து சுங்கம் வாங்கலாம் என்று இதே போதாயனர்தான் எழுதியிருக்கிறார். கப்பலே வராத நாட்டுக்கு எதற்குச் சுங்கம்?

மனுவும் இப்படித்தான். திதிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கூடாத பிராமணர்களின் நீண்ட பட்டியலில் கடலோடியை வைக்கிறார். வேறோர் இடத்தில், கடல் பயணத்தில் தேர்ந்தவர்கள் இடமும் காலமும் பார்த்து நிர்ணயிக்கும் வட்டியே செல்லும் என்கிறார். திதிப் பந்தியில் இடமில்லை, வட்டிக் கணக்கில் அவர் சொன்னதே முடிவு. முரண்பாடு போலத் தெரியும். பந்திக்கு ஒரு விதி, வியாபாரத்துக்கு ஒரு விதி என்று பிரித்துப் பார்த்தால் முரண் இல்லை.

மனுவின் அந்தப் பட்டியலில் கடலோடி வரும் அதே சுலோகத்தில் எண்ணெய் ஆட்டுகிறவரும் வருகிறார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 1908இல் தண்டனை பெற்று, நம் கோயமுத்தூர் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. ஒரே பிறவியில் அந்தச் சுலோகத்தின் இரண்டு இடத்தையும் நிரப்பிவிட்டார். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

விதி இறுகியது எப்போது

கலியுகத்தில் விட்டுவிட வேண்டியவை என்று ஒரு பட்டியல் பின்னாளில் உருவானது. இதற்குக் கலிவர்ஜ்யம் என்று பெயர். 12, 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு நூல்களில் இது முழு உருவில் கிடைக்கிறது. முன்பு அனுமதி இருந்தது, இந்த யுகத்துக்கு ஒவ்வாது என்று ஒதுக்குவதுதான் இதன் முறை. அசுவமேதம், யாகத்தில் பசுவைக் கொல்வது, இறந்தவன் மனைவியிடம் தம்பி பிள்ளை பெறுவது, சொத்துப் பிரிப்பதில் மூத்தவனுக்குக் கூடுதல் பங்கு எல்லாம் இதில் அடக்கம்.

கடலைப் பற்றி அதில் வரும் ஒரு வரியைச் சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். 'கடலில் கப்பலில் போன இருபிறப்பாளனை, சுத்தி செய்த பிறகும், சேர்த்துக்கொள்வது' என்பது அந்த வரி. இருபிறப்பாளன் என்றால் பூணூல் சடங்கு உள்ள முதல் மூன்று வருணத்தார். கலியில் கூடாது என்று இந்த வரி சொல்வது எதை? போவதையா? 'சேர்த்துக்கொள்வது' என்பதை. விதி கப்பலில் இருப்பவனை நோக்கிப் பேசவில்லை; ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை நோக்கிப் பேசுகிறது.

போதாயனர் 3 ஆண்டில் முடித்துவைத்ததை, இந்த வரி முடிவில்லாமல் ஆக்கியது. பாவம் தீரலாம், விலக்கு தீராது.

சுருக்கமாக: வேதத்தில் தடை இல்லை. தர்மசூத்திரத்தில் தடை உண்டு, தீர்வும் உண்டு. கலிவர்ஜ்யத்தில் தீர்வு இருந்தாலும் சேர்க்கை கிடையாது.

ஓர் 'அ' செய்த வேலை

பாவம் தீர்ந்தவனோடு புழங்கலாமா, கூடாதா? யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் இதற்கு ஒரு வரி உண்டு. (ஸ்மிருதி என்பது சூத்திரங்களுக்குப் பின் செய்யுளாக எழுந்த விதிநூல்.) தெரியாமல் செய்த பாவம் பிராயச்சித்தத்தால் போகும், தெரிந்தே செய்தவன் 'காமதோவ்யவஹார்ய' ஆகிறான் என்கிறது. 'வ்யவஹார்ய' என்றால் புழங்கத் தக்கவன்: சேர்ந்து சாப்பிட, கொள்வினை கொடுப்பினை செய்யத் தக்கவன். முன்னால் 'அ' சேர்ந்தால் தகாதவன்.

சிக்கல் என்னவென்றால், சமஸ்கிருதப் புணர்ச்சியில் 'ஓ'வுக்குப் பின் வரும் 'அ' மறைந்துவிடும். எனவே அந்தத் தொடரைப் 'புழங்கத் தக்கவன்' என்றும் பிரிக்கலாம், 'புழங்கத் தகாதவன்' என்றும் பிரிக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்றே. நம் இலக்கணத்தில் பொதுமொழி படித்திருப்போமே, 'தாமரை' என்று நின்றால் பூ, 'தா மரை' என்று பிரிந்தால் தாவுகிற மான் என்று, அது போல. மிதாட்சரம் என்ற புகழ்பெற்ற உரை 'தக்கவன்' என்று கொண்டது. வேறு வழி பிரித்தவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போய்த் திரும்பிய பையனுக்குப் பந்தியில் இலை போடுவதா வேண்டாமா என்ற சண்டை, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தில் வந்து நின்றது.

கப்பலில் எது கெடும்?

தண்ணீர் தீட்டு என்பது எல்லாரும் சொல்லும் தப்பு. ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் முழுகுகிறோம், அது கடல்தான். அதைவிட வேடிக்கை, வெளிநாடு போய் வந்தவர்கள் சுத்திக்காகப் போனதும் இராமேசுவரத்துக்குத்தான். கடல் கடந்த தோஷத்தைக் கடலிலேயே கழுவினார்கள்.

கெடுவது அன்றாட ஒழுங்கு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் விளங்கும்.

முதலில் சந்தியாவந்தனம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, குளித்துவிட்டு, நல்ல தண்ணீரைக் கையில் அள்ளி விட வேண்டும். கப்பலில் குடிதண்ணீர் பீப்பாயில் அளந்து தருவது. அதை நிரப்பியது யார், தொட்டது யார் என்று கேட்க முடியாது. அடுத்தது அடுப்பு. மரக்கப்பலில் தீ என்றாலே பயம், ஆளுக்கோர் அடுப்பு மூட்ட விட மாட்டார்கள். பொது அடுப்பில் யாரோ சமைத்ததைச் சாப்பிட வேண்டும், அல்லது அவலும் பழமும் தின்றே பயணத்தை ஓட்ட வேண்டும். பாய்மரக் காலத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து போக மாதக்கணக்கு; அவலில் ஓட்டுகிற தூரமா அது? ராம்மோகன் ராய் 1830இல் புறப்பட்டபோது பிராமணச் சமையல்காரரைக் கூடவே கூட்டிப்போனார். ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங் 1902இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டுக்குப் போனபோது பிரமாண்டமான வெள்ளிக் கலசங்களில் கங்கை நீரை ஏற்றிப்போனார். ஒவ்வொரு கலசமும் 345 கிலோ, கொள்ளளவு சுமார் 4,000 லிட்டர். ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். நம் ஊர் லாரியில் வரும் குடிநீர் டேங்க் ஒன்றை வெள்ளியில் வார்த்தால் எப்படியோ அப்படி. வசதி உள்ளவருக்கு விதியோடு ஒத்துப்போக வழி இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அப்புறம் பெற்றோர் திதி. அந்தத் திதியில் செய்தாக வேண்டும், செய்து வைக்கப் புரோகிதரும் சாப்பிடப் பிராமணரும் வேண்டும். நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது? வீட்டில் அணையாமல் காக்க வேண்டிய அக்கினி இருந்தால் அதுவும் போச்சு. போய் இறங்கும் நாட்டில் இதெல்லாம் இன்னும் மோசம்.

கம்பம் நட்ட ஊரின் கதையேதான். தூரமும் நாளும் மட்டும் கூடிவிட்டன.

திரும்பி வந்தபின் நடப்பது

இந்தத் தடையை நடத்தியது போலீசோ அரசனோ கிடையாது. சாதிக் கூட்டம் நடத்தியது. காந்தி கதை இதற்குத் துல்லியமான சாட்சி, ஏனென்றால் தொகை உட்பட அவரே எழுதி வைத்திருக்கிறார். 1888இல் பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதிக் கூட்டம் கூடி, இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்பிய அந்த 18 வயதுப் பையனை நிறுத்திக் கேட்டது. அவர் பணியவில்லை. தலைவர் தீர்ப்புச் சொன்னார்: இன்று முதல் இவன் சாதிக்குப் புறம்பு, இவனுக்கு உதவுகிறவருக்கும் வழியனுப்பப் போகிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம்.

அபராதம் யாருக்கு என்று பாருங்கள். போனவனுக்கு இல்லை, அவனோடு நின்றவனுக்கு. விலக்கு என்ற இயந்திரம் இப்படித்தான் ஓடும். ஒதுக்கப்பட்டவனை நேரடியாகத் தண்டிக்காது. அவனோடு புழங்குகிறவனையும் ஒதுக்குவேன் என்று மிரட்டும். பயம் மாமனார் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் பரவும். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

1891இல் திரும்பியதும் அண்ணன் அவரை நாசிக்கில் கோதாவரியில் முழுக வைத்தார். ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து போட்டார். சாதியில் ஒரு பிரிவு ஏற்றுக்கொண்டது. இன்னொரு பிரிவு கடைசி வரை ஏற்கவில்லை. ஏற்காத பிரிவின் விதிப்படி மாமனார், மாமியார், அக்கா, மச்சான் யாரும் அவருக்குச் சோறு போடக் கூடாது. அவர்கள் ரகசியமாகப் போடத் தயார். இவர் அந்த வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நடைமுறையில் பிராயச்சித்தம் போதாயனரின் 3 ஆண்டிலிருந்து வெகுவாகச் சுருங்கியிருந்தது: தீர்த்த முழுக்கு, முடி இறக்குவது, தானம், சாப்பாடு, பஞ்சகவ்யம். பஞ்சகவ்யம் என்றால் இன்று நம் விவசாயிக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலந்து மஞ்சளுக்கும் வாழைக்கும் அடிக்கிற கரைசல். இளநீர், வாழைப்பழம், கரும்புச்சாறு எல்லாம் சேர்த்துப் புளிக்க வைத்தது. சடங்குப் பஞ்சகவ்யம் வேறு, புளிக்க வைப்பதில்லை. பராசர ஸ்மிருதி அளவே சொல்கிறது: கோமியம் 1 பலம் (பலம் பழைய எடை அளவு), சாணம் கட்டைவிரலில் பாதி, பால் 7 பலம், தயிர் 3 பலம், நெய் 1 பலம், தர்ப்பை போட்ட நீர் 1 பலம். பாலும் தயிருமே பெரும்பங்கு. சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள் என்று கேலி பேசுகிறவர்கள் இந்த அளவைப் பார்ப்பதில்லை. புனிதம் என்று புகழ்கிறவர்களும் பார்ப்பதில்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. சுத்திச் சடங்கைச் செய்வது போய் வந்தவர். அது போதும் என்று சொல்வது மற்றவர்கள். விருந்து வைத்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்து இலையில் உட்கார்ந்தார்கள் என்பதே தீர்ப்பு.

அப்படியானால் தமிழர்கள் எப்படிக் கடலோடினார்கள்?

விதி எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை, பதில் இதுதான். வைதிகச் சடங்கு ஒழுங்கு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு தடை. மீன் பிடித்த, முத்துக் குளித்த பரதவருக்குக் கடல் தொழில்களம். வணிகக் குழுக்களுக்கு அது பெருவழி. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு சுமத்ராவின் பாரூசில் 1088இல் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறது. ராஜேந்திரன் படை கடாரம் போனது 1025 வாக்கில். "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்று கொன்றைவேந்தனில் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த மொழி இது.

ஆனால் தமிழ் வழக்கிலும் ஒரு கட்டு இருந்தது. "முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை" என்கிறது தொல்காப்பியம். கடல் பயணம் பெண்களோடு இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடக் கணக்குக்குப் போன நகரத்தார் ஆண்கள் மனைவியை ஊரில் விட்டுவிட்டே போனார்கள். வீடும் அடுப்பும் குலச் சடங்கும் கரையிலேயே இருக்க, சம்பாதிக்கிறவன் மட்டும் போய் வந்தான். ஊரோடு பிணைப்பு அறாமல் கடல் தாண்டும் வழி இது.

கொங்கு நாட்டுக்கும் கடல் புதிதில்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் செய்த கல்மணிகள், நம் சீமைப் பச்சைக்கல் எல்லாம் மேற்குக் கடற்கரை வழியாக ரோமாபுரி வரை போயின. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கோயமுத்தூர் வெள்ளலூரில் குடம் குடமாகக் கிடைத்தன.

படையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. 1824இல் பர்மியப் போருக்குச் சென்னைப் படைப்பிரிவுகள் கப்பலேறி ரங்கூன் போய்விட்டன. அதே ஆண்டு வங்காளப் படையின் சிப்பாய்கள், உயர்சாதியார் நிறைந்த அணி, பாரக்பூரில் கலகம் செய்தார்கள். பொதிமாடு கிடைக்காத கோபத்தோடு கடல் பயமும் அதில் கலந்திருந்தது. ஒரே கும்பினி, ஒரே போர்.

பஞ்சம் வந்தபோது நிலைமை வேறு. தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்கள் கடுமையாக அடிபட்டன. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி பின்னால் இலங்கையின் கண்டிக்குக் கிளம்பிய குடும்பங்களைத் தடுக்கச் சாதிக் கூட்டம் கூடவில்லை. நிலமும் இல்லை, பந்தியில் மரியாதையும் இல்லை என்பவரிடம் இழப்பதற்கு எதைக் காட்டி மிரட்டுவது? பெண்டு பிள்ளைகளோடேயே போனார்கள்.

ஈரோட்டில் பிறந்த ஒருவர்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே வாழ்க்கையில் வரிசையாக நடந்திருக்கிறது. 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார்.

கேம்பிரிட்ஜுக்கு வரச் சொல்லி 1913இல் அழைப்பு வந்தபோது மறுத்தார். வைதிக ஐயங்கார் குடும்பம், அம்மா ஒப்பவில்லை. பிறகு அம்மா கனவில் நாமகிரித் தாயார் வந்து, பிள்ளையின் வழியில் குறுக்கே நிற்காதே என்று சொன்னதாகக் குடும்பத்தார் சொல்வார்கள். சாத்திரத்துக்கு மேல் தெய்வத்தின் வாக்கு. அனுமதிக்கு அதுதான் வாசல். போகும் முன் குடுமி எடுத்தாயிற்று. 1914 மார்ச் 17இல் சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறினார், ஏப்ரல் 14இல் லண்டன். கேம்பிரிட்ஜில் கடைசி வரை சைவம், தன் சமையல். கப்பலில் கெடும் என்று பட்டியலிட்டோமே, அதைக் கெடாமல் காக்க அவரே தனி ஆளாக அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். உலகப்போர் காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு கொண்டுவந்தது. உடம்பு விழுந்தது.

1919இல் நோயோடு திரும்பினார். அம்மாவின் திட்டம் இராமேசுவரம் போய்ச் சுத்திச் சடங்கு செய்வது. உடம்பு இடம் தரவில்லை. அந்த ஆண்டு சில காலம் நம் கொடுமுடியில், காவிரிக் கரையில் தங்கவைத்தார்கள். இராமேசுவரம் போகாமலே 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் காலமானார், வயது 32. லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். ஆனாலும் கடல் கடந்தவர், சுத்தி ஆகாதவர் என்று வைதிக உறவினர் பலர் கடைசிக் காரியத்துக்கு வரவில்லை.

குடுமி, சமையல், இராமேசுவரம், பந்தி. நான்கில் முதல் இரண்டு அவர் கையில் இருந்தவை. மூன்றாவதை நோய் கெடுத்தது. நான்காவது எப்போதுமே அவர் கையில் இருந்ததில்லை.

இன்று எங்கே மிச்சம்?

ஆளுக்கு ஆள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது விலக்கி வைக்க ஆள் போதாமல் போயிற்று. பத்து வீட்டில் எட்டு வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் என்றால் யார் யாரை ஒதுக்குவது? சீர்திருத்தப் பேச்சை விட இந்த எண்ணிக்கையே தடையைக் கரைத்தது என்பது எங்கள் கணிப்பு. இன்று கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் விமானம் ஏறுகிறவர் யாரையும் கேட்பதில்லை. திரும்பி வந்து பூணூல் மாற்றிக்கொள்கிற வீடுகள் உண்டு. அதுவும் அவரவர் விருப்பம்.

சடங்கு அடர்த்தி மிகுந்த இடத்தில் மட்டும் விதி உயிரோடு இருக்கிறது. உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் எட்டு மடங்கள் இரண்டிரண்டு ஆண்டு முறை வைத்துப் பூசை செய்கின்றன. அந்த முறைக்குப் பரியாயம் என்று பெயர். 2008இல் முறை வந்தபோது, புத்திகே மடத் தலைவர் வெளிநாடு போய் வந்தவர் என்பதால் அவர் விக்கிரகத்தைத் தொட்டுப் பூசை செய்யக் கூடாது என்று மற்ற மடங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. 2024இல் அவர் முறை மறுபடி வந்தபோதும் அதே பேச்சு அடிபட்டது. அவர் போனது கப்பலில் கூட இல்லை, விமானத்தில்.